சிங்கப்பூரிலிருந்து கணவரை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்வது: எந்த விசா, எப்போது, யார் பொறுப்பு

உங்கள் நிலைமையை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் அமெரிக்கக் குடிமகள். எட்டு வயதில் பெற்றோருடன் நியூ ஜெர்சிக்குப் போய், கல்லூரி வரை அங்கேயே படித்தவர். கணவர் இந்தியக் குடிமகன். நான்கு ஆண்டுகளாக இருவரும் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள். பதினான்கு மாதங்களுக்கு முன் மதுரையில் திருமணம், இப்போது நான்கு மாதக் குழந்தை. இன்னும் ஒன்றரை ஆண்டில் அமெரிக்காவில் குடியேற நினைக்கிறீர்கள். கே-3 விசாவா, சிஆர்-1 விசாவா, அல்லது சுற்றுலா விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்வதா, எது சீக்கிரம் முடியும் என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "நான் இப்போது அமெரிக்காவில் வசிக்கவில்லையே, அது ஒரு பிரச்சினையா?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விசா எது என்பதற்கு இரண்டு பத்திகளில் பதில் சொல்லிவிடலாம். மீதி நீளமெல்லாம் அந்தக் கடைசி வரிக்காக.

நான் வழக்கறிஞர் இல்லை. அமெரிக்கக் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கோப்புகளைத் தயார் செய்கிறேன். அவற்றில் பெரும்பகுதி குடும்ப விசாக்கள். சட்டத்திலும் விதிமுறையிலும் உள்ளதை உறுதியாகச் சொல்வேன். எத்தனை மாதம் ஆகும், எந்த அதிகாரி என்ன கேட்பார் என்பதெல்லாம் அனுபவத்தின் ஊகம். அந்த இடங்களில் அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன்.

கே-1 என்பது நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான விசா; திருமணம் முடிந்த உங்களுக்கு அது பொருந்தாது. கே-3 என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் பிறந்தது. அப்போது ஐ-130 மனு, அதாவது குடிமக்கள் தங்கள் துணைவருக்காகக் கொடுக்கும் குடும்ப மனு, முடிய ஆண்டுக்கணக்கில் ஆனதால், அதுவரை கணவனும் மனைவியும் பிரிந்திருக்கக் கூடாதே என்று கொடுத்த தற்காலிக வழி. இப்போது நடைமுறையில் அது செத்த பாம்பு. ஐ-130 மனு ஒப்புதலாகி, நேர்காணலுக்கு முன் ஆவணங்களைத் திரட்டும் தேசிய விசா மையத்துக்கு வந்துவிட்டால், கே-3 கோப்பை அவர்களே மூடிவிடுகிறார்கள். கே-3-க்கான மனு அதற்கு முன்னால் வந்து சேருவது மிக அரிது. அப்படியே கிடைத்தாலும் அது குடியேற்ற விசா இல்லை. அமெரிக்கா போன பிறகு கிரீன் கார்டுக்குத் தனியாக விண்ணப்பித்து, தனியாகக் கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். ஆக உங்களுக்கு எஞ்சுவது ஒன்றுதான்: ஐ-130 மனு, அதன் வழியாகச் சிஆர்-1 அல்லது ஐஆர்-1 குடியேற்ற விசா. இந்த விசாவில் விமான நிலையத்தில் இறங்கும் நாளிலேயே உங்கள் கணவர் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிவிடுவார். மறுநாளே வேலைக்குப் போகலாம். குடிமக்களின் துணைவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது என்பதால், வேலைவாய்ப்பு வழியில் இந்தியர்கள் நிற்கும் அந்த நீண்ட வரிசையும் இங்கே இல்லை.

சுற்றுலா விசா யோசனையை உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். அமெரிக்காவுக்குச் சுற்றிப் பார்க்கப் போன ஒருவர், போன பிறகு மனம் மாறி அங்கேயே நிலைமாற்றத்துக்கு, அதாவது உள்ளே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் குடியேறுவது என்று இங்கேயே முடிவு செய்துவிட்டு, எல்லையில் "இரண்டு வாரம் மாமனார் வீட்டில் இருந்துவிட்டு வந்துவிடுவேன்" என்று சொன்னால் அது பொய்த் தகவல் தந்து நுழைவது. அதற்குச் சட்டம் விதிக்கும் தடைக்கு ஆண்டுக் கணக்கில்லை, ஆயுளுக்கும் நீடிக்கும். விலக்கு கேட்டு மனுச் செய்யலாம். அது கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அந்த உறவினர் அப்படிச் செய்து தப்பித்திருக்கலாம். உங்கள் கணவரோ நோக்கத்தை ஏற்கெனவே உங்களிடம் சொல்லி, நீங்களும் அதைப் பொதுவெளியில் எழுதியும்விட்டீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போது வெறும் பயணத்துக்காக அவர் சுற்றுலா விசா கேட்பதில் தவறில்லை. ஆனால் திரும்பி வருவார் என்று தூதரக அதிகாரி நம்ப வேண்டும். குடியேற்ற மனு போட்டிருப்பவர் அதை நம்பவைப்பது கடினம்.

நீங்கள் கேட்காத இன்னொரு வழி உண்டு. யாராவது உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் அதையும் முடித்துவிடுகிறேன். வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்திலேயே ஐ-130 மனுவைக் கொடுத்து, சில மாதங்களில் முடித்துக்கொண்டதை முன்பு பார்த்திருக்கிறேன். குடிவரவுத் துறையின் வெளிநாட்டு அலுவலகங்கள் பெரும்பாலும் மூடப்பட்ட பிறகு, 2020 பிப்ரவரி முதல் தூதரகங்கள் இதை விதிவிலக்கான சூழலில் மட்டுமே ஏற்கின்றன: மருத்துவ அவசரம், உயிருக்கு அச்சுறுத்தல், படைப்பணி, அல்லது வெளிநாட்டில் வேலை பார்க்கும் குடிமகனுக்கு மிகக் குறுகிய அவகாசத்தில் அமெரிக்காவில் வேலை மாற்றம் வருவது போன்றவை. கடைசியாகச் சொன்னது உங்களுக்கு ஒருநாள் பயன்படலாம். நிறுவனம் திடீரென்று அங்கே மாற்றினால், அந்தக் கடிதத்துடன் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சிஆர்-1, ஐஆர்-1 இரண்டும் ஒரே விண்ணப்பம்தான். நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் இல்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால் ஐஆர்-1, பத்தாண்டு கிரீன் கார்டு. நிறையாவிட்டால் சிஆர்-1, இரண்டாண்டு நிபந்தனை அட்டை. அந்த இரண்டாண்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 படிவத்தை இருவருமாகத் தாக்கல் செய்து, திருமணம் உண்மையானதுதான் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். 2024 ஏப்ரல் கட்டணப் பட்டியலில் அதற்கு 750 டாலர். கணக்கில் வருவது நுழையும் தேதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விசாவில் சிஆர்-1 என்று அச்சாகி, இரண்டாம் ஆண்டு நிறைவுக்குப் பிறகு நீங்கள் இறங்கினால், எல்லை அதிகாரியிடம் திருமணத் தேதியைக் காட்டி ஐஆர்-1 ஆகப் பதியச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே பதினான்கு மாதம் ஆகிவிட்டது. மனு, விசா மையம், நேர்காணல் மூன்றும் சேர்ந்து ஓராண்டுக்குள் முடிவதை இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை. ஆகவே இன்றே மனுப் போட்டாலும் நீங்கள் ஐஆர்-1 பக்கம்தான் விழுவீர்கள் என்பது என் கணிப்பு. இது கணிப்பு மட்டுமே.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஐ-130 மனுப் போட நீங்கள் அமெரிக்காவில் வசிக்க வேண்டிய தேவையே இல்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் கணக்குத் திறந்து, 625 டாலர் கட்டித் தாக்கல் செய்யலாம். காகிதத்தில் என்றால் 675. கணவருக்கான ஐ-130ஏ படிவமும் கூடவே போக வேண்டும். இதுவரை எந்தத் தடையும் இல்லை. தடை வருவது ஓராண்டு கழித்து, மனு ஒப்புதலாகித் தேசிய விசா மையம் உங்களிடம், கணவரின் பராமரிப்புக்கு நான் பொறுப்பு என்று உறுதி தரும் ஐ-864 என்ற பொறுப்புறுதிப் பத்திரத்தைக் கேட்கும்போது. அதில் கையெழுத்திடும் ஸ்பான்சர் அமெரிக்காவில் நிலைக்குடி உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நிலைக்குடி என்றால் இப்போது தூங்கி எழும் வீடு இல்லை. நிரந்தரமாக உங்கள் ஊர் என்று நீங்கள் கொண்டிருக்கும் இடம். ஒருவர் பத்தாண்டு வெளிநாட்டில் இருந்தும் நிலைக்குடியை இழக்காமல் இருக்கலாம். ஒரே ஆண்டில் இழந்தவர்களும் உண்டு.

இதைக் காட்ட மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, நீங்கள் வெளிநாட்டில் இருப்பது தற்காலிகம், அமெரிக்கத் தொடர்புகளை விடவில்லை என்று காட்டுவது. இரண்டு, சட்டம் அங்கீகரிக்கும் வகை வேலைக்காக வெளிநாட்டில் இருப்பது: அமெரிக்க அரசுப் பணி, சில சர்வதேச அமைப்புகள், அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், அமெரிக்காவின் வெளிநாட்டு வணிகத்தை வளர்க்கும் அமெரிக்க நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ. உங்கள் சிங்கப்பூர் முதலாளி அமெரிக்க நிறுவனத்தின் கிளையா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் மனிதவளத் துறையிடம் அதை விளக்கி ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள்: கணவர் அமெரிக்காவுக்குள் நுழையும் நாளிலோ அதற்கு முன்போ நீங்களும் அங்கே குடிபுகுவீர்கள் என்ற உண்மையான எண்ணத்தை, அதற்காக எடுத்த நடவடிக்கைகளைக் காட்டி நிறுவுவது. கணவரை முதலில் அனுப்பிவிட்டு ஆறு மாதம் கழித்து நான் போகிறேன் என்ற திட்டம் இங்கே ஓடாது.

"எண்ணம் இருக்கிறது" என்று ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றிலிருந்து ஒரு தம்பதியின் கோப்பு எங்களிடம் வந்தது. நேர்காணல் நன்றாக நடந்து, திருமணத்தை அதிகாரி நம்பி, கடைசியில் 221(ஜி) என்ற சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். விசா மறுப்பு, ஆவணம் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்கள். காரணம் நிலைக்குடிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மனைவியின் அண்ணன் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திட்டிருந்தார், நல்ல சம்பளக்காரர். ஆனால் கூட்டு ஸ்பான்சரால் வருமானக் குறையைத்தான் நிரப்ப முடியும். நிலைக்குடியை நிரப்ப முடியாது. மனுதாரருக்கு நிலைக்குடி இல்லையென்றால் கூட்டு ஸ்பான்சரின் பத்திரத்தையே ஏற்க மாட்டார்கள். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு, குழந்தையோடு முன்கூட்டியே அமெரிக்கா போய், வாடகை ஒப்பந்தம் போட்டு அனுப்பிய பிறகுதான் விசா வந்தது. நான்கு மாதப் பிரிவு. அன்று அரைமணி நேரம் யோசித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

உங்களுக்குப் பெற்றோர் நியூ ஜெர்சியில் இருப்பது பெரிய வசதி. வந்து எங்கள் வீட்டில் தங்குவார்கள் என்று அவர்கள் எழுதும் கடிதமும் அந்த வீட்டின் பத்திரம் அல்லது வரி ரசீதும் நல்ல சான்று. அதோடு அமெரிக்க வங்கிக் கணக்கு, காலாவதியாகாத ஓட்டுநர் உரிமம், வெளிநாட்டிலிருந்து வாக்களித்த பதிவு, வேலை தேடிய மின்னஞ்சல்கள், வேலை கிடைத்திருந்தால் அதன் கடிதம், சாமான்களை அனுப்பக் கப்பல் நிறுவனம் தந்த விலைமதிப்பு, சிங்கப்பூர் வீட்டுக்கு அறிவிப்புக் கொடுத்த கடிதம் என்று சேருங்கள். ஒவ்வொன்றும் சிறியது, சேர்ந்தால் ஒரு குடும்பம் மூட்டை கட்டுவது தெரியும். வங்கிக் கணக்கை எந்தக் காரணத்துக்காகவும் மூடிவிடாதீர்கள். விசா மையத்தின் கட்டணங்களை, அதாவது விண்ணப்பத்துக்கு 325 டாலர், பொறுப்புறுதிப் பத்திரப் பரிசீலனைக்கு 120 டாலர், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் இணையத்தில் கட்ட முடியும்.

அடுத்தது பணம். உங்கள் குடும்ப அளவு நீங்கள், கணவர், குழந்தை என்று மூன்று. கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 125 சதவீதம் வருமானம் வேண்டும். மூன்று பேருக்கு 2025-ஆம் ஆண்டு அளவில் அது 33,312 டாலர். ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். உங்கள் சிங்கப்பூர்ச் சம்பளம் இதைவிட எவ்வளவு அதிகமாக இருந்தாலும், அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து அது தொடர்ந்து வரும் என்று காட்டினால்தான் கணக்கில் சேரும். முதலாளி அங்கே மாற்றம் தருகிறார், அல்லது அங்கிருந்து வேலை செய்ய விடுகிறார் என்றால் சம்பளத் தொகையோடு கடிதம் வாங்குங்கள். இல்லையென்றால் சொத்துக் கணக்கு: குடிமகளின் கணவர் என்பதால் பற்றாக்குறையின் மூன்று மடங்கு சொத்துக் காட்ட வேண்டும். வருமானம் பூஜ்யம் என்று வைத்தால் சுமார் ஒரு லட்சம் டாலர், ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடிய வடிவில். மதுரையில் இருக்கும் பூர்வீக வீட்டைக் காட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள், விதி தடுக்கவில்லை. ஆனால் கூட்டுப்பட்டாவில் கிடக்கும் வீட்டை ஓராண்டில் விற்றுப் பணத்தை வெளியே கொண்டுவர முடியும் என்று அதிகாரியை நம்பவைப்பது பெரும்பாடு. அப்பா கூட்டு ஸ்பான்சராக வருவதே எளிது. வருவதற்கு முன் அவருக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உங்கள் கணவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேரும்வரை, அல்லது அவர் நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும்வரை அது நீடிக்கும். விவாகரத்தானால்கூட முடியாது. உங்கள் பத்திரமும் அப்படியே.

ஐ-864 பத்திரத்தோடு வருமான வரித் தாக்கலும் கேட்பார்கள். வெளிநாட்டில் சம்பாதித்தேன், அமெரிக்காவில் வரி எதுவும் பாக்கியில்லை, அதனால் தாக்கல் செய்யவில்லை என்று சொல்லும் குடிமக்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அமெரிக்கக் குடிமக்கள் உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டு வருமான விலக்கால் கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகலாம், தாக்கல் செய்யும் கடமை போகாது. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் ஆண்டின் எந்த நாளிலாவது மொத்தம் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதற்குத் தனி அறிக்கை. விட்டுப்போயிருந்தால், வேண்டுமென்றே விடவில்லை என்ற நிலையில், மூன்று ஆண்டு வரித் தாக்கலும் ஆறு ஆண்டுக் கணக்கு அறிக்கையும் கொடுத்து அபராதமின்றிச் சரிசெய்யும் திட்டம் ஒன்று உண்டு. வரிக் கணக்காளரிடம் போங்கள், என்னிடம் கேட்காதீர்கள். என் துறை சார்ந்து ஒன்று மட்டும் சொல்வேன். திருமணத்துக்குப் பிந்தைய ஆண்டின் தாக்கலில் பழக்கதோஷத்தில் "திருமணமாகாதவர்" என்று குறித்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். திருமணத்தை அடிப்படையாகக் கொண்ட விசாக் கோப்பில் அந்தக் காகிதம் இருப்பது எவ்வளவு அசிங்கமாகத் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. குறித்திருந்தால் திருத்திய தாக்கல் செய்துவிடுங்கள்.

குழந்தைக்கும் ஐ-130 போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் குழந்தை பிறக்கும் முன் மொத்தம் ஐந்தாண்டுகள், அதில் இரண்டாண்டுகளாவது 14 வயதுக்குப் பிறகு, அமெரிக்காவில் உடலளவில் இருந்திருக்கிறீர்கள் என்றால் உங்கள் குழந்தை பிறந்தபோதே அமெரிக்கக் குடிமகன். எட்டு வயது முதல் கல்லூரி வரை அங்கே இருந்த உங்களுக்கு அது தாராளமாகப் பொருந்தும். நீங்கள் குடியுரிமை பெறுவதற்கு முன் அங்கே இருந்த நாட்களும் சேரும். பள்ளி, கல்லூரிச் சான்றுகளோடு சிங்கப்பூர்த் தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பு அறிக்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாத்தா பாட்டி ஆசைப்படுகிறார்கள் என்று குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட் எடுக்கும் வேலையில் இறங்கும் முன் இதை யோசித்துவிடுங்கள். வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை போதும். இன்னொரு பயன்: இருவர் பெயரும் உள்ள அந்தப் பிறப்புச் சான்றிதழைவிட உங்கள் திருமணம் உண்மையானது என்பதற்கு வலுவான சாட்சி இல்லை. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், காப்பீட்டில் வாரிசு நியமனம் இவற்றை அதற்குப் பின்னால் அடுக்குங்கள். ஐந்நூறு புகைப்படங்கள் வேண்டாம். முகூர்த்தம், இரு வீட்டாரோடு எடுத்தது, பிறகு ஒன்றிரண்டு ஆண்டுகளில் வெவ்வேறு இடங்களில் எடுத்தது என்று இருபது போதும்.

தமிழர்களின் கோப்புகள் சிக்குவது பெரும்பாலும் பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு. பள்ளிச் சான்றிதழில் "மு. கார்த்திக்", பிறப்புச் சான்றிதழில் பெயரே எழுதாமல் "ஆண் குழந்தை", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் முத்துசாமி" மொத்தமும் முதற்பெயர் இடத்தில், குடும்பப் பெயர் இடம் காலி, திருமணப் பதிவில் மறுபடி இனிஷியல். இது ஒரே ஆள் என்று மதுரைக்காரருக்குத் தெரியும், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள விசா மையத்தில் கோப்பைப் பார்க்கும் ஊழியருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சாகும். "முதற்பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம். கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிமம் என்று அது பேயாகத் தொடரும். உங்கள் கணவரின் பாஸ்போர்ட் அப்படி இருந்தால், ஐ-130 போடும் முன்பே சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். பிறகு எல்லாப் படிவங்களிலும் அதே வடிவம். பழைய வடிவங்களை "பிற பெயர்கள்" என்ற கட்டத்தில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லையென்றால், பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்தில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லையென்றால் இல்லை என்ற சான்றும், பள்ளிச் சான்றும், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். இவற்றுக்கு ஊரில் யாராவது நடையாய் நடக்க வேண்டியிருக்கும். விசா மையம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கோவில் ரசீதும் பத்திரிகையும் மண்டபப் புகைப்படமும் திருமணச் சான்றிதழ் ஆகாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லா மதத்தினருக்கும் பதிவு கட்டாயம். நீங்கள் பதிவு செய்துவிட்டதாக எழுதியிருப்பதால் இதைக் கடந்துவிடுகிறேன். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், இரு மொழியும் அறிந்தவர் மொழிபெயர்த்து, சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதி கூடவே போக வேண்டும்.

காவல்துறைச் சான்றிதழ் கணவருக்கு மட்டும்தான், உங்களுக்கு இல்லை. இப்போது வசிக்கும் நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கிருந்து ஒன்று. குடியுரிமை நாட்டில் 16 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கிருந்து ஒன்று. வேறெந்த நாட்டிலாவது 16 வயதுக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும் ஒன்று. ஆக அவருக்குச் சிங்கப்பூர்க் காவல்துறையிடமிருந்தும், இந்தியத் தூதரகம் வழியாக இந்தியாவிலிருந்தும் வேண்டும். முன்பு துபாயில் இரண்டாண்டு வேலை பார்த்ததாகச் சொன்னீர்கள், அதை மறந்துவிடாதீர்கள். கடைசி நேரத்தில் ஆட்கள் ஓடுவது அப்படி விட்டுப்போன மூன்றாவது நாட்டுச் சான்றுக்குத்தான். அவருக்கு முன்பு ஒருமுறை அமெரிக்க விசா மறுக்கப்பட்டது என்கிறீர்கள். மறுப்பு ஒரு தடையே இல்லை, மறைத்தால்தான் தடை. பழைய விண்ணப்பத்தில் என்ன எழுதினாரோ அது அவர்கள் கணினியில் இருக்கிறது.

நேர்காணல் எங்கே என்றால், 2025 நவம்பர் 1 முதல் வசிக்கும் நாட்டிலோ குடியுரிமை நாட்டிலோதான். உங்களுக்குச் சிங்கப்பூர் நல்லது. ஆனால் கணவரின் வேலை அனுமதி நேர்காணல் வரை செல்லுபடியாக இருக்க வேண்டும். இடையில் அவர் வேலை இழந்து இந்தியா திரும்பினால் கோப்பை மாற்றக் கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் நேர்காணலுக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, எப்போது தொடங்குவது. குடியேற்ற விசா கைக்கு வந்தால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் நுழைந்தாக வேண்டும். மருத்துவப் பரிசோதனை பழசாகிவிட்டால் அதற்கும் குறைவு. "முத்திரை குத்திக்கொண்டு வந்துவிட்டு, மெதுவாகக் குடியேறுவோம்" என்று விமானமேறியவர்களில் பலர் கிரீன் கார்டை இழந்திருக்கிறார்கள். அது அங்கே வாழ்வதற்கான அட்டை. ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் பயண ஆவணமாகவே செல்லாது. அமெரிக்காவில் இருக்கும்போதே மறுநுழைவு அனுமதி வாங்கினால் இரண்டாண்டு வரை தாங்கும். ஆனால் மூன்றாண்டில் அவருக்குக் கிடைக்கக்கூடிய குடியுரிமைக்கான காலக்கணக்கு அதனால் குலையும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் அதற்கான இடம் விசா மையம். ஒப்புதலான மனு காலாவதியாவதில்லை. ஆவணங்களை உடனே கொடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களோடு தொடர்பு கொண்டிருந்தால் கோப்பு உயிரோடு இருக்கும். முதல் கட்டத்தை அப்படி வேகமாக்க வழியில்லை. ஆகவே பாஸ்போர்ட் பெயர் சரியாக இருக்கிறதென்றால் ஐ-130 மனுவை இந்த மாதமே போடுங்கள், நிதானமெல்லாம் அதற்குப் பிறகு. கணவர் அமெரிக்காவில் எப்போதாவது அனுமதிக்கு மேல் தங்கியிருந்தாலோ, கைதாகியிருந்தாலோ, உங்களில் ஒருவருக்கு முந்தைய திருமணம் இருந்தாலோ, இவ்வளவு நேரம் நான் எழுதியதை ஒதுக்கிவைத்துவிட்டு, மனுப் போடும் முன் வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துப் பேசுங்கள்.